வாசலிலேயே சறுக்குச் சரிவு: ஸ்கீ ஹோட்டலில் முதல் முறை தங்கப் போகிறவர்களுக்கு

பனிச்சறுக்கு பூட்ஸைப் போட்டுக்கொண்டு 200 மீட்டர் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், சரிவை ஒட்டிய ஹோட்டலுக்கு ஏன் அவ்வளவு காசு வாங்குகிறார்கள் என்று. கணுக்கால் மடங்காது. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் டக் டக்கென்று தரையில் மோதும். தோளில் இரண்டு பலகை, ஒரு கையில் கோல்கள், இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளை, கீழே கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிற நடைபாதை. சறுக்க ஆரம்பிக்கும் முன்பே உடம்பு வியர்த்துவிடும், அந்த வியர்வைதான் அப்புறம் லிஃப்டில், அதாவது மலை மேலே ஏற்றிப் போகிற கம்பிவட நாற்காலியில், உட்காரும்போது முதுகில் குளிராக ஏறும்.

சொகுசு ஸ்கீ ஹோட்டலில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது அந்த 200 மீட்டரைத்தான். வெந்நீர்க் குளமும் மெத்தென்ற தலையணையும் எந்த நகரத்து நல்ல ஹோட்டலிலும் கிடைக்கும். காலையில் கதவைத் திறந்தால் பனி, மதியம் கை நனைந்தால் பத்து நிமிடத்தில் அறை, கால் வலித்தால் உடனே படுக்கை என்பது வேறெங்கும் கிடைக்காது. முதல் முறை போகிறவர்களில் நிறையப் பேர் கொடுத்த காசுக்கு இதை அனுபவிக்காமலே திரும்பி வருகிறார்கள். அப்படி ஆகாமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: உங்கள் ஹோட்டலுக்கு வரும் தடம் என்ன நிறம்?

'ஸ்கீ-இன் ஸ்கீ-அவுட்' என்று ஹோட்டல் தளங்களில் பார்ப்பீர்கள். சறுக்கியே வெளியே போகலாம், சறுக்கியே வாசலுக்கு வரலாம் என்று அர்த்தம். ஆனால் இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் இல்லை. பின்கதவைத் திறந்தால் பனியில் கால் படுகிற ஹோட்டலும் அப்படித்தான் போட்டுக்கொள்ளும், ஒரு சாலையைக் கடந்து படியேறிப் போக வேண்டிய ஹோட்டலும் அப்படித்தான் போட்டுக்கொள்ளும். 'சரிவுக்கு அருகில்', 'லிஃப்டுக்கு மிக அருகில்' என்றெல்லாம் இருந்தால் நடக்க வேண்டியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை, நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் பயணத்தில் நாங்கள் எடுத்த ஹோட்டல் உண்மையிலேயே சரிவின் மேல்தான் இருந்தது, படத்தில் பார்த்தபடியே. ஆனால் அந்த வாசலுக்கு இறங்கி வருகிற ஒரே தடம் சிவப்பு, அதாவது நடுத்தரக் கடினம். இரண்டு நாள் பயிற்சி எடுத்தவர்கள் இறங்கக்கூடிய தடமே இல்லை. நான்கு நாளும் மாலையில் கோண்டோலா என்கிற மூடிய கம்பிவடப் பெட்டியில் ஊருக்குள் இறங்கி, பலகையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு வரிசையில் நின்று ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தோம். சரிவை ஒட்டிய அறைக்கு என்று கூடுதலாகக் கொடுத்த பணம் அத்தனையும் வீண்.

அதனால் புக் செய்யும் முன்பு அந்த மலையின் தட வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா ஸ்கீ மையங்களும் இலவசமாகத் தங்கள் தளத்தில் போட்டிருப்பார்கள். ஹோட்டலைக் கண்டுபிடித்து அதை ஒட்டிப் போகிற கோட்டின் நிறத்தைப் பாருங்கள். நிறங்கள் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் மிகக் கடினம். ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை என்று ஒன்று உண்டு. ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு. கவனியுங்கள், அமெரிக்காவின் நீலமும் ஐரோப்பாவின் நீலமும் ஒன்றல்ல. புதியவர்களுக்கு வேண்டியது அமெரிக்காவில் பச்சை, ஐரோப்பாவில் நீலம் அல்லது பச்சை. இந்த நிறத்தில் ஒரு தடம் ஹோட்டல் வாசல் வரை வந்தால் புக் செய்யுங்கள். வராவிட்டால் எவ்வளவு நட்சத்திரம் இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் ஹோட்டலுக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். எங்கள் குழுவில் யாரும் இதுவரை பனிச்சறுக்கு செய்ததில்லை, முதல் நாளே நாங்கள் எந்தத் தடத்தில் திரும்பி வர முடியும்? பயிற்சிப் பள்ளி கூடுகிற இடம் ஹோட்டலிலிருந்து எவ்வளவு தூரம், இடையில் லிஃப்ட் ஏற வேண்டுமா? ஹோட்டல் பக்கத்து லிஃப்ட் எத்தனை மணிக்கு மூடும்? நாங்கள் வரும் வாரத்தில் கீழ்ச்சரிவில் பனி இருக்குமா? நல்ல ஹோட்டல் என்றால் இதற்கெல்லாம் நேராகப் பதில் வரும். 'எங்கள் ஹோட்டல் மலையின் மடியில் அமைந்துள்ளது' என்று விளம்பர வாசகம் பதிலாக வந்தால், வேறு ஹோட்டலைப் பாருங்கள்.

கடைசிக் கேள்வி சின்னது மாதிரித் தெரியும், ஆனால் சீசனின் தொடக்கத்திலும் முடிவிலும் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கீழே உள்ள சரிவுகளில்தான் பனி முதலில் உருகும், அதிலும் வட அரைக்கோளத்தில் தெற்கு பார்த்த சரிவு என்றால் இன்னும் சீக்கிரம். மேலே அருமையாக இருக்கும், உங்கள் வாசலில் புல் தெரியும்.

ஊரின் விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள டியர் வேலி, ஸ்கீ வேலட் (பலகையையும் பூட்ஸையும் பார்த்துக்கொள்கிற ஊழியர்) சேவைக்குப் பெயர்போன இடம், 1981-இல் தொடங்கியது. அங்கே ஸ்னோபோர்டுக்கு, அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்குவதற்கு, அனுமதியே கிடையாது. அதே மாநிலத்தின் ஆல்டாவிலும் வெர்மான்டின் மேட் ரிவர் கிளென்னிலும் அப்படித்தான். வீட்டில் ஒருவருக்கு ஸ்னோபோர்டு ஆசை இருந்தால் இந்த இடங்கள் ஒத்துவராது. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குள் பெட்ரோல் கார்கள் போகாது. டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும், செர்மாட் ரயில் நிலையத்திலிருந்து பெரிய ஹோட்டல்கள் மின்சார வண்டி அனுப்பிக் கூட்டிப்போகும். எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பனியில் நிற்க வேண்டாம்.

எப்போது, எத்தனை நாள்

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும், பிப்ரவரியில் பள்ளி விடுமுறை வாரங்களும் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஜனவரியின் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் கூட்டம் குறைவு, குளிர் அதிகம். மார்ச்சில் பகல் நீளம், வெயில் இதமாக இருக்கும், உயரமான இடங்களில் பனியும் நன்றாக இருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் மார்ச் முதல் பாதியைத்தான் சொல்வேன், ஏனென்றால் விரல் விறைத்துப்போனால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆல்ப்ஸ் ஹோட்டல்களில் உச்ச சீசனில் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை ஒரு வாரமாகத்தான் அறை தருவார்கள் என்பதும் சகஜம். மூன்று நாளுக்குக் குறைவாகப் போகாதீர்கள். முதல் நாள் விழுவதிலேயே போய்விடும், இரண்டாம் நாள் உடம்பு வலி, மூன்றாம் நாள்தான் 'ஓ, இதுதானா' என்று ஏதோ ஒன்று பிடிபடும்.

காசு விஷயம்

அறை வாடகையில் என்னென்ன சேர்த்தி என்று வரி வரியாகப் பாருங்கள். ஆல்ப்ஸில் காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த கட்டணம் வழக்கம். அமெரிக்காவில் சாப்பாடு பெரும்பாலும் தனி, அதோடு 'ரிசார்ட் ஃபீ' என்று தினமும் ஒரு தொகை கடைசியில் வந்து உட்காரும். லிஃப்ட் பாஸ், பயிற்சி, பலகை வாடகை மூன்றும் எந்த ஊரிலும் பொதுவாகத் தனிதான்.

லிஃப்ட் பாஸை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள், அன்றைக்குக் கவுன்டரில் வாங்கினால் பல இடங்களில் விலை கையைக் கடிக்கும். முதல் இரண்டு நாளுக்கு மலை முழுவதற்குமான பாஸ் தேவையே இல்லை. பல மையங்களில் தொடக்கநிலை லிஃப்டுகளுக்கு மட்டும் தனிப் பாஸ் உண்டு, சில இடங்களில் அந்த லிஃப்ட் இலவசம். பிரான்ஸின் மூன்று பள்ளத்தாக்குப் பகுதியில் 600 கிலோமீட்டர் தடம் இருக்கிறது என்று ஆசையாகப் படிப்போம், ஆனால் முதல் இரண்டு நாளில் உங்களுக்குத் தேவைப்படப்போவது அதில் 200 மீட்டர்தான்.

காப்பீட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு பெரும்பாலும் சேராது. குளிர்கால விளையாட்டு என்று தனியாகச் சேர்க்க வேண்டும், மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அதில் அடங்குமா என்று எழுத்தில் பாருங்கள். நீங்கள் இன்னொருவர்மேல் மோதிவிட்டால் அவருக்கு ஆகும் செலவும் அதில் வர வேண்டும். இத்தாலியில் இந்த மூன்றாம் நபர் காப்பீடு 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

பெட்டியில் என்ன

பலகை, பூட்ஸ், கோல், ஹெல்மெட் நான்கையும் வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக வாங்க வேண்டியது சின்னச் சின்னப் பொருட்கள்: மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் இரண்டு ஜோடி, ஒரு ஃபிளீஸ், முழங்கால் வரை வரும் மெல்லிய ஸ்கீ சாக்ஸ் மூன்று ஜோடி, தண்ணீர் புகாத கையுறை, முடிந்தால் இரண்டாவதாக ஒரு கையுறை, கண்ணை மூடிக் காக்கிற ஸ்கீ கண்ணாடி. மேல்கோட்டும் பேன்ட்டும் தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும், அவற்றையும் இப்போது வாடகைக்குத் தருகிறார்கள். பருத்தி மட்டும் உடம்பை ஒட்டி வேண்டவே வேண்டாம், அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிர வைக்கும்.

சன்ஸ்கிரீனை மறக்காதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்கின் அடிப்பகுதியிலும் பூசுங்கள், வெயில் கீழேயிருந்து வருகிறது. நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தால் மூன்றாம் நாள் மூக்குத்தோல் உரியும்.

சொகுசு ஹோட்டல் ஆயிற்றே, கோட் சூட் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான இடங்களில் சுத்தமான ஸ்வெட்டர் போதும். ஆல்ப்ஸின் பழைய பிரம்மாண்ட ஹோட்டல்கள் சிலவற்றில் இரவு உணவுக்கு ஜாக்கெட் எதிர்பார்ப்பார்கள், அதையும் அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடலாம். வெந்நீர்க் குளத்துக்கு நீச்சலுடை கட்டாயம் எடுத்து வையுங்கள், குளிர் நாட்டுக்குப் போகிற பெட்டியில் அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்த மாலை

இந்த மாலையை வீணாக்காமல் இருந்தால் மறுநாள் காலை பாதி ஜெயித்த மாதிரி. பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராக வாடகைக் கடைக்குப் போங்கள். பெரிய ஸ்கீ ஹோட்டல்களுக்குள்ளேயே கடை இருக்கும். முந்தின நாள் மாலையே எடுத்துக்கொள்ள பல கடைகள் விடுகிறார்கள், மறுநாளிலிருந்துதான் கணக்கு. காலை எட்டரைக்குப் போனால் அங்கே திருவிழாக் கூட்டம், அளவு பார்க்கிறவருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது.

பூட்ஸ் அளவு விஷயத்தில் பொறுமையாக நில்லுங்கள். அளவு சென்டிமீட்டரில் இருக்கும், உங்கள் பாதத்தின் நீளம்தான் அது. ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ், இரண்டு போட்டால் சூடு கூடாது, இரத்த ஓட்டம்தான் குறையும். பூட்ஸுக்குள் காலை விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னால் உட்கார வைத்து, அப்புறம் பக்கிளை மாட்டுங்கள். நேராக நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் விலகிக்கொள்ள வேண்டும். குதிகால் மேலே எழும்பவே கூடாது. 'கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே' என்று பெரிய அளவு கேட்காதீர்கள், புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு இதுதான், தளர்ந்த பூட்ஸில் பலகை உங்கள் பேச்சைக் கேட்காது. கையால் பிடிப்பது போல எல்லாப் பக்கமும் அணைத்திருக்க வேண்டும், ஒரே ஒரு புள்ளியில் மட்டும் குத்துகிறது என்றால் அது தப்பு, உடனே சொல்லுங்கள்.

தெர்மல் பேன்ட்டின் நுனி பூட்ஸுக்குள் போகக் கூடாது. எனக்கு முதல் பயணத்தில் இரண்டாம் நாள் மதியம் கெண்டைக்காலுக்கு முன்னால் எலும்பு மேல் ஒரே வலி. பூட்ஸ்தான் சரியில்லை என்று கடையில் போய் நின்றேன். அங்கிருந்த பெண்மணி சாக்ஸை இறக்கிப் பார்த்தார். தெர்மலின் தையல் விளிம்பு நூல் பிடித்த மாதிரி சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. அதைப் பூட்ஸின் விளிம்புக்கு மேலே சுருட்டிவிட்டார், அவ்வளவுதான், வேறு எதையும் மாற்றவில்லை. சரிவில் இறங்கும்போது உங்கள் பாரம் முழுவதும் அந்த இடத்தில்தான் சாயும், சாக்ஸைத் தவிர அங்கே எதுவுமே இருக்கக் கூடாது.

கடையில் எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாம் கேட்பார்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், அனுபவத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். விழும்போது பலகை காலை விட்டுக் கழல வேண்டிய விசையை இந்த விவரங்களையும் பூட்ஸ் அடிநீளத்தையும் வைத்துத்தான் அமைக்கிறார்கள். தப்பான எண் வைத்தால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால் போய்விடும். கிளம்பும் முன்பு பலகையில் உள்ள எண்ணை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைப் பலகைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், மதிய உணவுக்குப் பிறகு யாராவது உங்களுடையதை எடுத்துப் போயிருப்பார்கள்.

உயரத்தையும் மனதில் வையுங்கள். கனடாவின் விஸ்லர் கிராமம் 700 மீட்டருக்கும் கீழே, அங்கே ஒன்றும் தெரியாது. செர்மாட் சுமார் 1,600 மீட்டர். பிரான்ஸின் வால் தோரான்ஸ் 2,300, குல்மார்க் சுமார் 2,650, கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் 2,900-ஐத் தாண்டும். 2,500 மீட்டருக்கு மேல் தூங்குகிறீர்கள் என்றால் முதல் இரவு தலைவலி, தூக்கமின்மை, படியேறினால் மூச்சு வாங்குவது எல்லாம் வரலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், முதல் நாள் மது வேண்டாம். அறைக் காற்று வறண்டிருக்கும், வரவேற்பில் ஹ்யூமிடிஃபையர் கேட்டால் நல்ல ஹோட்டல்களில் கொண்டுவந்து வைப்பார்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் என்று வந்தாலோ வீம்பு பிடிக்காமல் மருத்துவரைப் பார்த்துக் கீழே இறங்கிவிடுங்கள்.

முதல் காலை

விடியற்காலையில் மலையில் எங்கோ 'டொம்' என்று வெடிச்சத்தம் கேட்கலாம். பயப்படாதீர்கள், இரவில் பனி கொட்டியிருந்தால் பனிச்சரிவு ஆபத்துள்ள இடங்களை ஸ்கீ ரோந்துக்காரர்கள் வெடிவைத்து முன்கூட்டியே சரித்துவிடுகிற சத்தம் அது. அதற்கும் முன்பே, இரவெல்லாம், பெரிய இயந்திரங்கள் தடத்தைச் சீவிச் சமப்படுத்தியிருக்கும். காலையில் ஜன்னல் வழியே பார்த்தால் கோடு கோடாக, இழுத்துச் சீவின தலைமுடி மாதிரி பனி கிடக்கும். அந்தக் கோடுகள் கலையும் முன்பு இறங்குவது தனி சுகம், அது வாசலில் சரிவு வைத்திருப்பவர்களுக்கே முதலில் கிடைக்கும்.

ஸ்கீ வேலட் என்பவர் ஹோட்டலின் பனிப்பக்க வாசலில் இருப்பார். மாலையில் பலகையையும் பூட்ஸையும் அவரிடம் விட்டுவிட்டால், இரவில் பூட்ஸைக் காயவைத்து, காலையில் சூடாகக் கொடுப்பார். சூடான பூட்ஸுக்குள் கால் வழுக்கிக்கொண்டு போகும், குளிர்ந்துபோன பிளாஸ்டிக் விறைப்பாக நிற்கும், அதைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். நீங்கள் வெளியே வரும்போது பலகைகள் பனியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும். அவருக்கு வேலை கொடுக்கிறோமே என்று கூச்சப்பட்டு பூட்ஸை அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், பெரும்பாலான ஹோட்டல்களில் அறைக்குள் பூட்ஸ் கொண்டுவர அனுமதியும் இல்லை. முதல் முறை என்று அவரிடம் சொல்லுங்கள். எந்தப் பக்கம் சரிவு குறைவு, பயிற்சிப் பள்ளிக்கு எப்படிப் போவது, இன்று எங்கே ஐஸ் பிடித்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

பலகையை மாட்டும் முன்பு பூட்ஸின் அடியில் ஒட்டின பனியைக் கோலால் சுரண்டி எடுங்கள், பனி இருந்தால் பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கிற பைண்டிங் பூட்டாது. பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வையுங்கள், கீழ்ப்பக்கத்துப் பலகையை முதலில் மாட்டுங்கள். முன்னால் விரல்பக்கம், அப்புறம் குதிகாலை அழுத்தினால் 'க்ளிக்'.

பயிற்சியாளர் இல்லாமல் முதல் நாள் இறங்க வேண்டாம். கணவன் மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பது, அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் சண்டையில்தான் முடியும். வசதி இருந்தால் முதல் நாள் தனி வகுப்பு, சில இடங்களில் பயிற்சியாளர் ஹோட்டல் வாசலுக்கே வருவார். இல்லையென்றால் குழு வகுப்பே தாராளமாகப் போதும், ஆனால் தொடர்ந்து மூன்று நாளாவது எடுங்கள். உச்ச வாரங்களில் வகுப்புகள் நிரம்பிவிடும், அறை புக் செய்கிற அன்றே இதையும் முடித்துவிடுங்கள்.

லிஃப்டும் சரிவும்

முதலில் நகரும் பட்டை மாதிரியான மேஜிக் கார்ப்பெட்டில்தான் ஏற்றுவார்கள். சேர் லிஃப்டுக்கு வரும்போது, கோல்களின் வாரிலிருந்து கையை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே கையில் பிடியுங்கள், நாற்காலி பின்னால் வருகிறதைத் திரும்பிப் பாருங்கள், உட்கார்ந்ததும் பாதுகாப்புக் கம்பியை இறக்குங்கள். இறங்கும்போது பலகை நுனியை மேலே தூக்கி, எழுந்து நின்று நேராகப் போய்க்கொண்டே இருங்கள், அங்கேயே நின்றால் பின்னால் வருகிறவர்கள் மேலே விழுவார்கள். ஏறும் முன்பே ஊழியரிடம் 'முதல் முறை' என்று சொன்னால் வேகத்தைக் குறைப்பார், அதற்குத்தான் அவர் நிற்கிறார். உலகின் முதல் சேர் லிஃப்ட் 1936-இல் அமெரிக்காவின் சன் வேலியில் வந்தது. கப்பலில் வாழைத்தார்களை ஏற்றுகிற கொக்கிக் கம்பிவடத்தைப் பார்த்து, அதையே நாற்காலியாக்கிய ஒரு ரயில்வே கம்பெனிப் பொறியாளரின் யோசனை. ஒவ்வொரு முறை நாற்காலி முழங்காலுக்குப் பின்னால் வந்து அள்ளிக்கொண்டு போகும்போதும் எனக்கு அந்த வாழைத்தார்தான் ஞாபகம் வரும்.

சரிவில் விதி ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது: உங்களுக்குக் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. அவர் எப்படித் திரும்பினாலும் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது மேலேயிருந்து வருகிற நீங்கள். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் 10 நடத்தை விதிகளில் இதுவும் உண்டு. நிற்பதென்றால் ஓரமாக, மேலேயிருந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள், மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைவில் நிற்காதீர்கள். யாராவது அடிபட்டுக் கிடந்தால் அவருக்குச் சற்று மேலே இரண்டு பலகையைப் பெருக்கல் குறி மாதிரி குத்தி வைத்துவிட்டு ரோந்துக்காரர்களைக் கூப்பிடுங்கள். அவர்களுடைய எண்ணையும் ஹோட்டல் எண்ணையும் காலையிலேயே ஃபோனில் போட்டு வையுங்கள், ஹோட்டல் பக்கத்து லிஃப்டின் பெயரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வழி தவறினால் கேட்க அந்தப் பெயர்தான் உதவும்.

தடம் பயமாக இருந்தால் கோண்டோலாவில் இறங்கி வரலாம், அதில் வெட்கமே இல்லை. பலகையைக் கழற்றிவிட்டு செங்குத்துச் சரிவில் நடந்து இறங்குவதுதான் ஆபத்து.

மதியம் அறைக்கு வாருங்கள்

அந்த 200 மீட்டருக்குக் கொடுத்த காசு திரும்பி வருவது மதியத்தில்தான். முதல் முறை வருகிறவர்கள் பாஸ் வாங்கிவிட்டோமே என்று காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை மலையிலேயே கிடக்கிறார்கள். மலை உச்சி உணவகத்தில் பன்னிரண்டரைக்குத் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் வாசலில்தான் சரிவு இருக்கிறதே. பன்னிரண்டுக்குச் சறுக்கி வந்து, வேலட்டிடம் பலகையைக் கொடுத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றி, சூடாக ஏதாவது சாப்பிட்டு, நனைந்த கையுறையை மாற்றி, அரை மணி நேரம் காலை நீட்டிப் படுங்கள். ஒன்றரைக்கு வெளியே போனால் புதுக் கால் முளைத்த மாதிரி இருக்கும். பிள்ளைகள் இருந்தால் இது சத்தியமாக வேண்டும்.

மூன்று மணிக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று போகும்போது தொடை நடுங்கும், வெளிச்சம் மங்கி மேடு பள்ளம் தெரியாது, தடமும் நாள் முழுக்க மிதிபட்டுக் குண்டும் குழியுமாகக் கிடக்கும். லிஃப்டுகள் பொதுவாக நான்கு மணி வாக்கில் மூடும், மேல் மலை லிஃப்டுகள் அதற்கும் முன்பே. லிஃப்ட் மூடின பிறகு தடத்தில் போகவே கூடாது. வாசலில் இருக்கிறதே, இரவில் பிள்ளைகளோடு சறுக்கி விளையாடலாம் என்று தோன்றும். வேண்டாம். இரவில் தடம் சீவுகிற இயந்திரங்களைச் செங்குத்துச் சரிவில் எஃகுக் கம்பிவடம் கட்டி இழுப்பார்கள், அந்தக் கம்பி இருட்டில் கண்ணுக்கே தெரியாது.

மாலை

வெந்நீர்க் குளம் சுகம்தான், ஆனால் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள். உயரத்தில் மதுவும் வெந்நீரும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். ஆஸ்திரியா, ஜெர்மனி பக்கம் சௌனா என்கிற வெப்ப அறையில் ஆடையில்லாமல் உட்காருவது வழக்கம், பல இடங்களில் நீச்சலுடையோடு உள்ளே விடமாட்டார்கள், துண்டு மட்டும் கையில் இருக்கும். ஒத்துவராது என்றால் நீச்சலுடையோடு போகக்கூடிய பகுதி எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலட்டுக்கும் பயிற்சியாளருக்கும் டிப்ஸ் கொடுப்பது எதிர்பார்க்கப்படுகிற விஷயம், ஜப்பானில் கொடுத்தால் திருப்பித் தருவார்கள்.

குழுவில் சறுக்காதவர் ஒருவர் இருந்தால் சரிவு பார்த்த அறையை எடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பேரப்பிள்ளை விழுந்து எழுந்து வருவதைப் பார்ப்பதைவிடப் பெரிய பொழுதுபோக்கு வேண்டாம்.

கிளம்புகிற நாள்

அறையைக் காலையில் காலி செய்ய வேண்டியிருந்தாலும் அரை நாள் சறுக்கலாம். பெட்டிகளை வரவேற்பில் விட்டுவிடுங்கள், காய்ந்த உடை, உள்ளாடை, செருப்பு, ஒரு நெகிழிப் பை மட்டும் தனிச் சின்னப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல ஹோட்டல்களில் அறையை விட்ட பிறகும் ஸ்பாவில் குளித்து உடை மாற்றிக்கொள்ள விடுவார்கள், முந்தின இரவே கேட்டு உறுதி செய்யுங்கள். நனைந்த கையுறையும் சாக்ஸும் அந்த நெகிழிப் பைக்குள் போகட்டும். பலகையைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்போது, நீங்கள் எடுத்த படத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள்.